"இது தேவையில்லை" என்பதை ஆங்கிலத்தில் மரியாதையாக எப்படி எழுதுவது?

நீலவானம் கேட்டது:

வேலை நிமித்தமாக வேறொரு நாட்டில் இருக்கும் குழுவோடு தினமும் மின்னஞ்சலில் பேச வேண்டியிருக்கிறது. அங்கே ஒருவர் வாராவாரம் ஒரு எக்ஸெல் ஷீட் தயார் செய்து எனக்கு அனுப்புகிறார். அதில் இருக்கும் எண்கள் எல்லாம் இப்போது டாஷ்போர்டிலேயே வந்துவிடுகின்றன, அதனால் அந்த ஷீட் இனி எங்களுக்கு வேண்டியதில்லை. ஆனால் அவர் அதற்கு எவ்வளவு மெனக்கெடுகிறார் என்பது திறந்து பார்த்தாலே தெரியும்: போன வாரத்தோடு ஒப்பிட்டு, மாறிய இடங்களுக்கு நிறம் கொடுத்து, கீழே எதனால் மாறியது என்று நாலு வரி குறிப்பும் எழுதியிருப்பார்.

"திஸ் ஷீட் இஸ் நாட் ரிக்வயர்ட்" என்று எழுதி டிராஃப்டில் வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. படிக்கும்போதே முகத்தில் அடித்தாற்போல் இருக்கிறது. வெறும் "நோ நீட்" அதைவிட மோசம். கூட வேலை செய்பவர் "யூ மஸ்ட் நாட் சென்ட் இட்" என்று போடச் சொல்கிறார், அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவருடைய உழைப்பு வீண் என்று சொன்ன மாதிரியும் ஆகக் கூடாது, அதே நேரம் விஷயம் புரியவும் வேண்டும். எப்படி எழுதலாம்?

தமிழ்வாத்தியார்:

மஸ்ட் நாட் வேண்டவே வேண்டாம். அது தேவையில்லை என்று சொல்வதில்லை, செய்யக்கூடாது என்று தடுக்கிறது. "யூ மஸ்ட் நாட் சென்ட் இட்" என்றால் அனுப்பினால் தப்பு. "யூ டோன்ட் ஹாவ் டு சென்ட் இட்" என்றால் அனுப்ப வேண்டிய கட்டாயமில்லை, அனுப்பினாலும் ஒன்றும் குற்றமில்லை. "மஸ்ட்", "ஹாவ் டு" இரண்டும் தனியாக நிற்கும்போது கிட்டத்தட்ட ஒரே பொருள்தான், அதனால் நாட் சேர்த்த பிறகும் அப்படியே இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. நமக்கு இன்னொரு காரணமும் உண்டு, நம்முடைய "வேண்டாம்" இரண்டு வேலையும் பார்க்கிறது. "அனுப்ப வேண்டாம்" என்பது தடையாகவும் இருக்கலாம், சிரமப்படாதீர்கள் என்பதாகவும் இருக்கலாம், சொல்லும் தொனியைப் பொறுத்தது. எழுதுமுன் மனதுக்குள் "அனுப்பக்கூடாது" என்கிறோமா "அனுப்ப வேண்டியதில்லை" என்கிறோமா என்று பார்த்துக்கொண்டால் குழப்பமே வராது. ஜெர்மன் பேசுகிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு, அவர்கள் மொழியில் "முஸ் நிஷ்ட்" என்றால் கட்டாயமில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று, "நீடன்ட்". "யூ நீடன்ட் சென்ட் இட்" என்பதும் டோன்ட் ஹாவ் டு சொல்வதையேதான் சொல்கிறது, ஆனால் அது பிரிட்டிஷ் வழக்கு, அமெரிக்கர்கள் அதிகம் சொல்ல மாட்டார்கள், கொஞ்சம் பழைய வாசனையும் அடிக்கும். இறந்தகாலத்தில் இன்னும் கவனம் வேண்டும். "யூ நீடன்ட் ஹாவ் சென்ட் இட்" என்றால் அவர் அனுப்பிவிட்டார், அது தேவைப்படாமல் போனது என்று பொருள். "யூ டிடின்ட் நீட் டு சென்ட் இட்" என்பதில் அனுப்பினாரா இல்லையா என்பதே தெரியாது. உங்கள் நிலைமையில் இரண்டையும் தொடாதீர்கள். இத்தனை வாரம் செய்ததைத் திரும்பிப் பார்த்துத் தேவையில்லை என்பதுதான் மனிதனை நோகடிக்கும். பேச்சு முழுக்க இனிமேலைப் பற்றியே இருக்கட்டும், "எனிமோர்", "ஃப்ரம் நவ் ஆன்" என்று.

மடல்காரி:

மேலே சொன்ன இலக்கணம் சரி, ஆனால் மரியாதை அந்த ஒரு வினைச்சொல்லில் மட்டும் இல்லை. "யூ டோன்ட் ஹாவ் டு சென்ட் திஸ்" என்று ஒற்றை வரியில் அனுப்பினால் அதுவும் எரிச்சலோடு சொன்ன மாதிரிதான் கேட்கும். முதலில் அவர் செய்ததைப் பெயர் சொல்லி நன்றி, அடுத்து என்ன மாறியது, அதற்கப்புறம்தான் தேவையில்லை என்பது. காரணம் முன்னால் வந்துவிட்டால், தேவையில்லாமல் போனதற்குக் காரணம் டாஷ்போர்டு, அவருடைய வேலை அல்ல என்று அவருக்கே விளங்கும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"தேங்க் யூ ஃபார் புட்டிங் திஸ் டுகெதர் எவ்ரி வீக். வீ கேன் நவ் ஸீ த ஸேம் நம்பர்ஸ் இன் த டாஷ்போர்ட், ஸோ தேர்ஸ் நோ நீட் டு ப்ரிப்பேர் த ஷீட் எனிமோர்."

"நோ நீட்" தனியாக நிற்கும்போது கத்தரித்த மாதிரி இருக்கிறது, "தேர்ஸ் நோ நீட் டு" என்று முழு வாக்கியமானதும் அந்தக் கூர்மை போய்விடுகிறது. "தட் வோன்ட் பி நெசசரி" என்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இலக்கணம், மரியாதை எல்லாம் சரிதான், ஆனால் கதவைச் சாத்துகிற குளிர்ச்சி அதில் இருக்கிறது. "டோன்ட் பாதர்" அதற்கு நேர் எதிர், நெருங்கிய நண்பர்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னால் அன்பு, மின்னஞ்சலில் முகம் தெரியாதவருக்கு எழுதினால் அலட்சியம்.

நேர்பேச்சு:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். "தேர்ஸ் நோ நீட்", "டோன்ட் ஹாவ் டு" எல்லாவற்றையும் பொறுப்பான ஆள் ஒருவர் வெறும் உபசாரமாக எடுத்துக்கொள்வார். "பரவாயில்லை, எனக்கொன்றும் சிரமமில்லை" என்று பதில் போட்டுவிட்டு அடுத்த வாரமும் ஷீட் வரும், அதற்கடுத்த வாரமும் வரும். அவருடைய நேரம்தான் வீணாகிறது. இப்படி மென்மையாகச் சொல்லியே இரண்டு பக்கமும் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதை வேலையிடத்தில் நிறையப் பார்க்கிறேன். நிறுத்தச் சொல்வதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் உண்மையான மரியாதை என்பது என் கருத்து. மடல்காரி எழுதியதன் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: "ப்ளீஸ் கன்ஸிடர் திஸ் வீக்ஸ் ஷீட் த லாஸ்ட் ஒன்." இதில் கடுமை ஒன்றும் இல்லை, சந்தேகமும் இல்லை.

அப்புறம், அனுப்புமுன் உங்கள் பக்கம் வேறு யாராவது அந்த ஷீட்டைப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். கீழே எழுதுகிற அந்த நாலு வரிக் குறிப்பு டாஷ்போர்டில் வராதே? எண் மாறியது டாஷ்போர்டில் தெரியும், ஏன் மாறியது என்பது அவருக்குத்தானே தெரியும்.

நீலவானம்:

எல்லோருக்கும் நன்றி. குறிப்பு பற்றிச் சொன்னது ரொம்பச் சரி, அது எங்களுக்கு உண்மையிலேயே வேண்டும். ஷீட்டை நிறுத்திவிட்டு அந்த வரிகளை மட்டும் மின்னஞ்சலில் எழுதச் சொல்லப்போகிறேன். இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி: அவர் ஒவ்வொரு முறையும் "ஷால் ஐ கால் யூ அண்ட் எக்ஸ்ப்ளெயின்?" என்று கேட்பார். பெரும்பாலும் அதற்குத் தேவை இருக்காது. "நோ" என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

மடல்காரி:

உதவி செய்யட்டுமா என்று கேட்பவருக்குச் சொல்லும் பதில் வேறு மாதிரி. அங்கே "யூ டோன்ட் ஹாவ் டு" சரிவராது, ஏனென்றால் அவர் கட்டாயத்தில் கேட்கவில்லை, விருப்பத்தில் கேட்கிறார். "தேங்க்ஸ் ஃபார் ஆஃபரிங், பட் யுவர் நோட் வாஸ் க்ளியர்" என்று எழுதுங்கள், அழைப்பு ஏன் வேண்டாம் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது, அவர் குறிப்புக்கு ஒரு பாராட்டும் ஆகிறது. "ஐ ஆம் குட், தேங்க்ஸ்" என்பது பழகியவர்களோடு பேச்சில் நன்றாக இருக்கும், மின்னஞ்சலில் கொஞ்சம் இலேசாகத் தெரியலாம். "ஃபார் நவ்" சேர்ப்பது பிறகு தேவைப்படலாம் என்று உண்மையிலேயே நினைத்தால் மட்டும். இல்லையென்றால் அவர் அதை நம்பிக் காத்திருப்பார்.

தமிழ்வாத்தியார்:

இதோடு ஒன்று சேர்க்கிறேன், பலர் தவறான இடத்தில் எழுதிப் பார்த்திருக்கிறேன். "யூ ஷுடன்ட் ஹாவ்" என்பதும் எதற்கு இதெல்லாம் என்கிற உபசாரம்தான், ஆனால் பரிசு கையில் வந்த மகிழ்ச்சியில் சொல்வது. அதோடு "டன் தட்" சேர்ந்துவிட்டால் ஏன் அப்படிச் செய்தாய் என்ற கண்டிப்பாகிவிடும். எழுத்தில் குரல் கேட்காது என்பதால், ஷீட்டுக்கோ அழைப்புக்கோ பதில் போடும்போது இதை எந்த வடிவத்திலும் எழுதாதீர்கள்.