ஏதென்ஸ் (ஜார்ஜியா, அமெரிக்கா): குடும்பத்தோடு குடியேறலாமா?

புதுவரவு: கணவருக்கு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு வேலை கிடைச்சிருக்கு. ஆகஸ்ட்ல சேரணும். பையனுக்கு அஞ்சு வயசு. ஏதென்ஸ்லயே வீடு பார்க்கலாமா, இல்ல அட்லாண்டா புறநகரான குவினெட் பக்கம் தங்கி அவர் தினமும் போய்வரட்டுமா?

ஒக்கோனிக்கரை: ஏதென்ஸ்லயே இருங்க. சுமார் 1.3 லட்சம் பேர் இருக்கிற சின்ன ஊர். நகரப் பேருந்துல டிக்கெட்டே கிடையாது. மாநிலத் தாவரவியல் பூங்காவுக்கும் கட்டணம் இல்ல, சனி ஞாயிறுல பையனை அங்க ஓடவிடலாம். ஆர்.இ.எம். இசைக்குழு 1980ல இங்க உருவானதுதான். 2009ல தீப்பிடிச்ச ஜார்ஜியா தியேட்டர்ங்கிற இசையரங்கைத் திரும்பக் கட்டி 2011ல திறந்தாங்க. பாட்டை அவ்வளவு பெருசா நினைக்கிற ஊர் இது.

அட்லாண்டாவாசி: இதெல்லாம் அவங்க கணவருக்கு. இவங்களுக்கு என்ன இருக்கு? கேம்பஸையும் ஆஸ்பத்திரியையும் விட்டா படிச்சவங்களுக்கு வேலை குறைவு. பயணிகள் ரயில் கிடையாது, அட்லாண்டா ஏர்போர்ட் போக ஒன்றரை மணி நேரம். வாடகைதான் பெரிய அடி. பல அபார்ட்மென்ட்ல ஒரு பெட்ரூமுக்கு இவ்வளவுன்னு மாணவர் கணக்குலதான் விடறாங்க. நாலு பசங்க பிரிச்சுக் கட்டுறதை ஒரே சம்பளத்துல கட்ட முடியுமா? ஜூலைக் கடைசியில வாடகை ஒப்பந்தம் முடியறப்போ போய்ப் பாருங்க, குப்பைத்தொட்டி பக்கத்துல மெத்தையும் சோபாவும் மலையாக் கிடக்கும். பாதிப் பேர் வருஷா வருஷம் மாறிட்டிருந்தா அக்கம்பக்கம்னு எதைச் சொல்றது? பல்கலைக்கழக அணியோட அமெரிக்க ஃபுட்பால் மேட்ச் இருக்கிற சனிக்கிழமை 90,000 பேருக்கு மேல ஸ்டேடியத்துக்கு வருவாங்க, பால் வாங்கக்கூட வண்டி எடுக்க முடியாது.

ஒக்கோனிக்கரை: அந்த மேட்ச் வருஷத்துக்கு ஆறேழுதான் சார். காலையிலேயே புல்வெளியில கூடாரம் போட்டு, தெரியாதவங்களுக்கும் சாப்பாட்டுத் தட்டை நீட்டுவாங்க. அதுவும் அக்கம்பக்கம்தானே?

செம்மண்: ரெண்டு பேரும் நம்ம வசதியை மட்டும் பேசறீங்க. 1961 ஜனவரியிலதான் இந்தப் பல்கலைக்கழகம் முதல் ரெண்டு கறுப்பின மாணவர்களைச் சேர்த்துச்சு. அதே பத்தாண்டுல, விடுதி கட்டறதுக்காக லின்னன்டவுன்ங்கிற கறுப்பினக் குடியிருப்பையே இடிச்சுத் தள்ளினாங்க. சொந்த வீடு வச்சிருந்தவங்களையும் காலி பண்ண வச்சாங்க. உள்ளூர் நிர்வாகம் அதுக்கு மன்னிப்புத் தீர்மானம் போட்டது 2021ல. இன்னைக்கும் ஊர்ல கால்வாசிப் பேர் வறுமையில இருக்காங்க. விடுதியில சமைக்கிறவங்களும் அறை துடைக்கிறவங்களும் இவங்கள்ல நிறையப் பேர். இதைச் சொல்லாம இந்த ஊரோட நல்லது கெட்டதைப் பேச முடியாது.

அட்லாண்டாவாசி: அந்த வறுமைக் கணக்குல, விடுதிக்கு வெளியில தங்கியிருக்கிற சம்பளமில்லாத மாணவர்களும் வர்றாங்களே?

செம்மண்: வர்றாங்க. பட்டம் வாங்கினதும் அவங்க அந்தக் கணக்கை விட்டுப் போயிடுவாங்க. பேக்ஸ்டர் தெரு பஸ்ஸுக்கு விடியற்காலையில நிக்கறவங்க பத்து வருஷம் கழிச்சும் அங்கதான் நிப்பாங்க.

அட்லாண்டாவாசி: அப்போ ஸ்கூல் விஷயத்துக்கு வாங்க. பேராசிரியர்களே நிறையப் பேர் பக்கத்து மாவட்டமான ஒக்கோனி கவுண்டிக்கு, வாட்கின்ஸ்வில் பக்கம் வீடு மாத்திப் போறாங்க. ஏன்?

ஒக்கோனிக்கரை: மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத்தான். என் பொண்ணு ஏதென்ஸ் இருக்கிற கிளார்க் கவுண்டியோட அரசுப் பள்ளியிலதான் படிக்கிறா. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒண்ணா உட்கார்ற இடம் இந்த ஊர்ல அது ஒண்ணுதான். செம்மண் சொல்றது நியாயம்னா, நாமும் அங்க இருந்து விலகி ஓடக்கூடாது.

புதுவரவு: நன்றி. பள்ளியை நேர்ல பார்த்துட்டு முடிவு பண்றோம். குவினெட் வேண்டாம்னு மட்டும் தோணுது, தினமும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல அவர் ரோட்டுலயே இருப்பார். வீடு எப்போ தேடணும்?

செம்மண்: இப்பவே தேடுங்க. ஆகஸ்ட் வீடுகளை மாணவர்கள் பல மாசம் முன்னாடியே பிடிச்சிடுவாங்க. கிழக்குப் பக்கம் தனிவீடா, பஸ் போற ரோட்டுல பாருங்க.