நவம்பர் 2: யார் யார் பெயர் கொடுப்பது?

குழு: உப்பளம் வீட்டார்

செலின்: எல்லோருக்கும் வணக்கம். கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலை நாளை மாலைக்குள் கோயிலில் கொடுக்க வேண்டும். இதுவரை எழுதியது: தாத்தா, ஆயா, பெரிய மாமா, அற்புதம் அத்தை, ராணி சித்தியின் குழந்தை. யாராவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.

ஜெரோம்: மிக்கேல் தாத்தா?

லூர்து அத்தை: வேண்டாம்.

ஜெரோம்: ஏன் அத்தை?

லூர்து அத்தை: உன் அப்பாவைக் கேள்.

செலின்: கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியாகிவிட்டதா?

சார்லஸ் சித்தப்பா: சுண்ணாம்பு எதற்கு? அம்மாவுக்கு கிரானைட் போடுங்கள் என்று ஜூன் மாதமே பணம் அனுப்பினேன்.

ஸ்தனிஸ் பெரியப்பா: மண் இறங்காமல் கல் வைத்தால் வெடித்துவிடும். ஒரு மழைக்காலம் போகட்டும்.

லூர்து அத்தை: அப்பா கல்லறைக்கும் இதையேதான் சொன்னீர்கள் அண்ணா. இன்றுவரை சுண்ணாம்புதான்.

ஜெரோம்: 😄

ரீனா: பெரியப்பா, ஒரு சந்தேகம். ஆயா காலைப் பூசையைத் தவறவிட்டதே இல்லை. மோட்சத்தில் இருக்கிறார் என்று அடக்கத்தன்று எல்லோரும் சொன்னோம். பிறகு எதற்கு அவருக்காக மன்றாட வேண்டும்?

ஸ்தனிஸ் பெரியப்பா: கேட்டாயே, அதுவே சந்தோஷம். பொறுமையாகப் படி. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா. பீடத்தில் சுரூபம் வைத்திருக்கிறோமே, அவர்களோடு பெயர் தெரியாமல் மோட்சம் சேர்ந்த அத்தனை பேருக்கும் அதுதான் திருநாள். அம்மா அங்கே இருந்தால் அன்று அவருக்கும் திருநாள். மறுநாள், இன்னும் அங்கே போய்ச் சேராதவர்களுக்கு. உத்தரிக்கிற ஸ்தலம் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதை நரகத்தின் பக்கத்து அறை என்று நினைத்துவிடாதே. அங்கே இருப்பவர்களுக்கு மீட்பு உறுதி. கடவுளை முகமுகமாய்ப் பார்ப்பதற்கு முன் ஒட்டியிருக்கும் அழுக்கு போக வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் தங்களுக்காக ஒன்றும் செய்துகொள்ள முடியாது. நாம் செய்யலாம். அம்மாவுக்குத் தேவையில்லை என்றால், அந்த மன்றாட்டை ஆண்டவர் தேவைப்படும் இன்னோர் ஆன்மாவுக்குக் கொடுத்துவிடுவார். வீணாகவே போகாது.

ரீனா: புரிகிறது பெரியப்பா. ஆனால் 2ஆம் தேதி பெங்களூரில் இருப்பேன்.

ஸ்தனிஸ் பெரியப்பா: 1ஆம் தேதி முதல் 8ஆம் தேதி வரை எந்த நாளிலும் போகலாம். எந்தக் கல்லறைத் தோட்டமும் ஆகும். குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கி, பாப்பரசர் கருத்துக்காகவும் வேண்டிக்கொள். இறந்தவர்களுக்குப் பரிபூரண பலன் உண்டு, அதாவது பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும்.

எஸ்தர் அண்ணி: மாமா, தவறாக நினைக்க வேண்டாம். எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. ஆனால் ஆயாவுக்காக வருவேன், பூ கொண்டுவருவேன். நீங்கள் ஜெபம் சொல்லும்போது அமைதியாக நின்றுகொள்கிறேன்.

ஸ்தனிஸ் பெரியப்பா: கட்டாயம் வா அம்மா. நீ வருவதே போதும். நாங்கள் ஆதாரமாகக் காட்டும் இடம் உங்கள் வேதாகமத்தில் இல்லை, அதனால் சொல்கிறேன். 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரம். போரில் விழுந்த வீரர்களை அடக்கம் செய்யப் போனபோது, ஒவ்வொருவர் உடைக்குள்ளும் சிலைத் தாயத்து இருந்தது. சட்டப்படி பெரிய குற்றம். படைத்தலைவர் யூதா மக்கபே அவர்களைத் தூக்கி எறியவில்லை. எல்லோரிடமும் வசூல் செய்து, 2,000 திராக்மா வெள்ளியைப் பாவப் பரிகாரப் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார். குற்றத்தோடு செத்தவர்களுக்காக அனுப்பினார் என்பதைக் கவனி.

லூர்து அத்தை: எங்கே வருகிறீர்கள் என்று தெரிகிறது அண்ணா.

ஜெரோம்: சுத்தம் செய்வது எப்போது? 1ஆம் தேதி உங்களுக்குப் புதுச்சேரி விடுதலை நாள் விடுமுறை. கடலூரில் எங்களுக்கு வேலை நாள்.

செலின்: நாங்கள் 1ஆம் தேதி புல் வெட்டிவிடுகிறோம். நீங்கள் மறுநாள் பாதர் கல்லறைகளை மந்திரிக்கும் (ஆசீர்வதிக்கும்) நேரத்துக்கு வந்தால் போதும்.

சார்லஸ் சித்தப்பா: மிக்கேல் சித்தப்பா பெயரை எழுதுங்கள். பூசைப் பணம் என்னுடையது.

லூர்து அத்தை: நீ எழுதத்தான் சொல்வாய். அவர் தயவில்தானே பாரிசுக்குப் போனாய்.

சார்லஸ் சித்தப்பா: ஆமாம். அதை நான் மறைத்ததில்லை.

ரீனா: அப்படி என்னதான் சண்டை?

ஸ்தனிஸ் பெரியப்பா: 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்பாவின் தம்பி மிக்கேல் சித்தப்பா எழுதினார். அப்பா எழுதவில்லை. பிறகு பென்ஷன், பிறகு வீடு என்று சண்டை வளர்ந்தது.

லூர்து அத்தை: அதோடு நிறுத்தாதீர்கள். அப்பா இறந்த அன்று அம்மா அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். கதவு திறக்கவில்லை. நான் கூட நின்றேன். எனக்குப் பன்னிரண்டு வயது.

செலின்: அத்தை…

ஸ்தனிஸ் பெரியப்பா: அது நடந்தது, நான் மறுக்கவில்லை லூர்து. அவருக்காக மன்றாடினால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது. அவர் செய்தது தவறு என்பதால்தான் மன்றாட்டே தேவைப்படுகிறது. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் குளுனி மடத்து அதிபர் ஓடிலோ இந்த நாளை ஏற்படுத்தியபோது, தங்கள் மடத்தாருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை, இறந்த விசுவாசிகள் எல்லோருக்கும் என்றார். 1915இல், முதல் உலகப் போரில் ஆட்கள் கொத்துக் கொத்தாய்ச் செத்துக்கொண்டிருந்தபோது, பாப்பரசர் 15ஆம் பெனடிக்ட் இந்த ஒரு நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்று அனுமதித்தார். அதில் ஒன்று கண்டிப்பாக இறந்த அனைவருக்கும். நம் கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னம் அந்தப் போரில் இறந்தவர்களுக்குத்தான். கேட்க ஆளில்லாத ஆன்மாவுக்குத்தான் இந்த நாளில் முதல் உரிமை. மிக்கேல் சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லை. போன வாரம் அவர் கல்லறையைப் போய்ப் பார்த்தேன். பின்சுவர் ஓரம், சிலுவையின் ஒரு கை உடைந்திருக்கிறது, தலைமாட்டில் எருக்கஞ்செடி முளைத்திருக்கிறது. கல்லில் "மிக்" என்ற இரண்டு எழுத்துதான் மிச்சம்.

செலின்: சாமந்தி இப்போது என்ன விலை? குபேர் அங்காடியில் யாராவது விசாரியுங்கள்.

எஸ்தர் அண்ணி: பூ நான் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை கல்லறைக்கு?

செலின்: ஐந்தா, ஆறா?

ஜெரோம்: 2ஆம் தேதி கடலூரில் கனமழை என்கிறார்கள்.

சார்லஸ் சித்தப்பா: மழை பெய்தால் பின்சுவர்ப் பக்கம் தண்ணீர் நிற்கும். எருக்கை வேரோடு எடுங்கள். உடைந்த சிலுவையையும் பூசச் சொல்லுங்கள்.

லூர்து அத்தை: செலின், பெயரை எழுதிக்கொள். கடைசியில் எழுது. மெழுகுவத்தி ஏற்ற என்னைக் கூப்பிடாதே.

செலின்: சரி அத்தை.

ஸ்தனிஸ் பெரியப்பா: நன்றி லூர்து.

லூர்து அத்தை: நன்றியெல்லாம் வேண்டாம். பூசைக்கு எந்தப் பாதர்?

செலின்: தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன்.

சார்லஸ் சித்தப்பா: கிரானைட் விஷயம் என்ன ஆயிற்று?

ஸ்தனிஸ் பெரியப்பா: தை மாதம் பேசலாம்.

ஜெரோம்: இங்கிருந்து ஒன்பது பேர். பஸ்ஸில் வருவதா, வேன் பிடிப்பதா என்று யாராவது சொல்லுங்கள்.