சூடோனிமைசேஷன்: அரிய நோய்ப் பதிவேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். அரிய நோய்ப் பதிவேடு ஒன்றின் ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். நோயாளியின் பெயர், முகவரியை எடுத்துவிட்டு ஒரு எண் போடுகிறார்கள்; எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியே பூட்டியிருக்கும். இதுதான் சூடோனிமைசேஷன். பழைய படிவத்தில் 'பெயர் நீக்கம்' என்றிருக்கிறது. அது பட்டியலே இல்லாத அனானிமைசேஷனுக்குத்தான் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் கையெழுத்துப் போடும் பெற்றோருக்குப் பொய் வாக்குக் கொடுத்ததாகிவிடும். 'புனைபெயராக்கம்' சரியா?
– ம.

ம. அவர்களுக்கு: புனைபெயர் என்பது எழுதுபவர் தாமே சூட்டிக்கொள்வது. 'மறைபெயராக்கம்' என்னுங்கள். மறைபெயர் வினைத்தொகை, மறைத்த, மறைக்கின்ற, மறைக்கும் என மூன்று காலமும் அதில் அடங்கும். 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று தொல்காப்பியர் அகத்திணைக்கு விதித்தது அனானிமைசேஷன்தானே? குறுந்தொகை 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் தெரியாமல், பாட்டிலிருந்தே செம்புலப்பெயனீரார் என்று அழைத்தோமே, அது சூடோனிம். நம்மிடம் மரபு இருக்கிறது, தயங்க வேண்டாம்.
– வே.

வே. ஐயா, பதிவேட்டில் செய்யவே கூடாத காரியம் அது! பாட்டிலிருந்து எடுத்த பெயர் பாட்டையே காட்டிக்கொடுக்கும். அதனால்தான் பிறந்த தேதி, தலைப்பெழுத்து இவற்றைக் கொண்டு எண் அமைக்கக் கூடாது என்கிறோம். 10,000 பேரில் 5 பேருக்கு மிகாத நோயைத்தான் ஐரோப்பிய ஒன்றியம் அரிய நோய் என்கிறது. சில நோய்கள் உலகம் முழுவதிலும் ஒருசில குடும்பங்களில் மட்டுமே. வயது, ஊர், நோய் மூன்றும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். எதுவும் முழுதாக மறைவதில்லை, ஆகவே 'மறை' வேண்டாம். 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்படி எண்ணிட்ட தரவைத் தனிநபர் தரவாகத்தான் கொள்கிறது. பட்டியலை அழிக்கவும் முடியாது, புதிதாக ஒரு மரபணு பிடிபட்டால் அதே குடும்பத்திடம் திரும்பப் போக வேண்டும், ஒரே குழந்தை இரண்டு மருத்துவமனைகளில் பதிவாகி இரண்டு நோயாளியாக எண்ணப்படக் கூடாது, ஆட்கள் இவ்வளவு குறைவான இடத்தில் அந்த ஒன்று கூடினாலே கணக்குக் கெட்டுவிடும். 'குறியீட்டுப் பெயரிடல்' போதும்.
– சா.

குறியீடா? அதே படிவத்தில் ஆர்ஃபாநெட் (அரிய நோய்களுக்கான தரவுத்தளம்) நோய்க் குறியீடு, அறிகுறிக் குறியீடு எல்லாம் வருமே, எது எதுவென்று யார் பிரிப்பது? அப்புறம், நன்னூலார் சொல்லும் குழூஉக்குறியை யாரும் நினைக்கவில்லை. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல, அந்தக் குழுவுக்கு மட்டும் விளங்கும் பெயர். 'குழூஉப்பெயர்' எவ்வளவு பொருத்தம்!
– வே.

பொருத்தம்தான் ஐயா, ஆனால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிறவர் அந்த அளபெடையில் நின்றுவிடுவார். 'மாற்றுப்பெயரிடல்' யாருக்கும் புரியும்.
– இ.

சரி, இ. சொன்னதற்கே ஆதரவு அதிகம். 'மாற்றுப்பெயரிடல்' என்று போட்டு, 'உங்கள் பெயருக்குப் பதிலாக ஒரு எண் இருக்கும். தேவைப்பட்டால் பொறுப்பாளர் அதைக்கொண்டு உங்களை அடையாளம் காண முடியும்' என்ற வரியையும் சேர்க்கிறேன். அடுத்து ஃபீனோடைப், அதாவது ஒருவரிடம் கண்டோ அளந்தோ அறியக்கூடிய பண்புகள். 'புறத்தோற்றம்' என்றால் ரத்தப் பரிசோதனை முடிவு அதில் எப்படி அடங்கும்?
– ம.

மாற்றுப்பெயர் என்றால் குற்றப்பத்திரிகை நினைவுதான் வருகிறது. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஃபீனோடைப்புக்கு நாளை எழுதுகிறேன், 'மெய்ப்பாடு' என்ற சொல்லை அதுவரை யாரும் தள்ளிவிட வேண்டாம்.
– வே.