முடி குட்டையாக இருந்தாலும் சலூனில் பெண்களுக்கான கட்டணம்தான் கேட்கிறார்கள், என்ன செய்யலாம்?

என் முடி காதுக்கு மேலேயே நிற்கும். பக்கவாட்டில் மெஷின் போட்டு, மேலே கொஞ்சம் கத்தரித்தால் வேலை முடிந்தது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஆணுக்கும் அதே வெட்டு, அதே நேரம். ஆனால் எனக்கு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு வருடமாக இப்படித்தான்.

முடி அலச வேண்டாம், உலர்த்தவும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மேலாளரிடம் கேட்டால், "பில் போடுற சிஸ்டம்ல அப்படித்தான் இருக்கு" என்கிறார். கடை மாற்றியும் அதே பட்டியல். சலவைக்குப் போடும் சாதாரண சட்டைக்கும் இதே பாகுபாடு, அது தனி எரிச்சல். கலிபோர்னியாவில் 1995-லேயே இதற்குத் தடைச்சட்டம் வந்துவிட்டது; நேரமோ சிரமமோ செலவோ கூடினால் மட்டுமே கூடுதலாக வாங்கலாம். அதுதான் நியாயம்.

முடியின் நீளத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்கும்படி கடைக்காரரிடம் பேசி ஜெயித்தவர்கள் இருந்தால், என்ன சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தீர்கள்?