சொட்டு மருந்து நாளும் சுகர் முகாமும்

அம்மாபேட்டை, சேலம்:

அரசாங்கமும் தொண்டு அமைப்பும் சேர்ந்தால் வேலை நடக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ரோட்டரி சங்கத் தொண்டராகப் புதிய பஸ் ஸ்டாண்டு போலியோ பூத்தில் பல வருடம் நின்றிருக்கிறேன். பேனர், டீ, டிபன் எங்கள் செலவு; மருந்து, ஐஸ் பெட்டி, நர்ஸ் எல்லாம் அரசு. மருந்துக் குப்பியில் ஒரு வட்டம், அதற்குள் சின்னச் சதுரம் இருக்கும். சதுரம் வெளுப்பாக இருக்கும்வரை மருந்து நல்லது, சூடுபட்டால் கறுத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் போடக்கூடாது. நர்ஸ் அக்கா ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் மூடியைத் திறப்பார்.

ஞாயிறு முடிந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்துவிட முடியாது. விடுபட்ட குழந்தை எந்தத் தெருவில் என்பது அக்காவின் பதிவேட்டில் இருக்கும், அதை வைத்துத்தான் அடுத்தடுத்த நாள் வீடு வீடாகப் போய் இடது கை சுண்டுவிரலில் மை இருக்கிறதா என்று பார்ப்போம். எங்களுக்கென்று தனி நோட்டு கிடையாது. 1985இல் ரோட்டரி போலியோ ஒழிப்பு வேலையைத் தொடங்கியது, 1988இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்துகொண்டன, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததோடு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ நின்றது, 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்தது என்ற சான்றிதழும் வந்தது. பணம் பெரிதுதான், ஆனால் எல்லாரும் ஒரே பதிவேட்டைப் பார்த்து நடந்ததுதான் காரணம் என்பேன்.

நாகலூர் பக்கம், ஏற்காடு:

அண்ணா, அந்த ஒரே பதிவேடு இல்லாமல் நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஒரு தொண்டு நிறுவனம், பெயர் வேண்டாம், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சுகர், பி.பி. பார்த்தார்கள். நல்ல பிள்ளைகள், மழையில் நடந்தே வருவார்கள், மாத்திரையும் கொடுத்தார்கள். ஆனால் எல்லார் பெயரும் அவர்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான். நிதி முடிந்தது, ஆள் வரவில்லை. என் பெரியம்மா மாத்திரை தீர்ந்து அப்படியே இருந்துவிட்டு, காபிச் செடிக்கு நடுவில் தலை சுற்றி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்டால், "வெள்ளையா, நடுவுல கோடு போட்டது சாமி" என்கிறார். அப்படி எத்தனை மாத்திரை இருக்கிறது!

2021இல் வந்த அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இப்போது மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால்தானே வரும்? எங்கள் லைனில் பாதிப்பேர் அதில் இல்லை. வயிறு எரிகிறது.

அம்மாபேட்டை, சேலம்:

தம்பி, கண்புரை ஆபரேஷனைப் பாருங்கள். பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் தொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று அரசு மானியம் தருகிறது, அந்தக் கணக்குக்காகவாவது நோயாளி விவரம் அரசிடம் போய்ச் சேர்ந்துவிடும். சுகர் முகாமுக்கும் அதே மாதிரி, பெயர்ப் பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைத்தால்தான் அனுமதி என்று அரசு கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நோயாளியின் சம்மதத்தோடுதான், சரி, ஆனால் ஒப்படைக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகளில் யாருடைய நம்பராவது இருக்கிறதா? பழைய பட்டியல் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் மேலே வருகிறேன், உங்கள் ஊர் நர்ஸம்மாவையும் கூட்டிக்கொண்டு லைன் லைனாக எழுதிவிடலாம்.