கிரெப் தேடலில் ‘கோவிந்தன்’ சில கோப்புகளில் மட்டும் அகப்படவில்லை

சாட்ஸ்வொர்த் வாசகர்:
வணக்கம். டர்பனில் எங்கள் சங்கத்தார் பழைய விழா மலர்களைத் தட்டச்சு செய்து, ஏறக்குறைய 900 உரைக் கோப்புகளாக வைத்திருக்கிறோம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல் முதற்கொண்டு, இங்கே குடியேறிய குடும்பங்களைப் பற்றிய குறிப்புகள் அவற்றில் சிதறிக் கிடக்கின்றன. லினக்ஸில் கிரெப் என்னும் தேடல் கட்டளை கொண்டு ‘கோவிந்தன்’ என்று தேடினால், கண்ணெதிரே அப்பெயர் இருக்கும் சில கோப்புகளைக் கூட அது காட்டாமல் தாண்டிப் போகிறது. காரணம் என்ன?

எழுத்தாணி:
ஐயா, பழுது கிரெப்பில் இல்லை, தட்டச்சில் இருக்கிறது. யூனிகோடில் ‘கோ’வை ககரம், ஓகாரக் குறி என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம், ககரம், இரட்டைச் சுழிக் கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். திரையில் வேற்றுமை தெரியாது. யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்பதால், முன்னது 6 பைட், பின்னது 9. இவை இரண்டும் ஒன்றே என்பது கிரெப்புக்குத் தெரியாது. அகப்படாத கோப்பிலிருந்து அந்த ஓர் எழுத்தை மட்டும் வெட்டித் தனிக் கோப்பில் ஒட்டி, டபிள்யூசி கட்டளையால் பைட்டுகளை எண்ணிப் பாருங்கள். வரிமுடிவுக்கு ஒன்று கூடும். ஒவ்வொரு தேடலிலும் இரு வடிவையும் கொடுத்து மல்லுக்கட்டுவதைவிட, படி எடுத்து வைத்துக்கொண்டு, யூகான்வ் நிரலால் எல்லாக் கோப்புகளையும் ஒரே தடவையில், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கரும்புத்தோட்டம்:
மாற்றிய பிறகும் ஒன்று மிஞ்சும். ‘கோவிந்தன்’ என்று முழுதாகக் கொடுத்தால் ‘கோவிந்தனை’, ‘கோவிந்தனுக்கு’ என வேற்றுமை ஏற்றவை சிக்கா. உருபு சேரும்போது புள்ளி போய்விடுகிறதே. ஆகவே புள்ளியை விட்டு ‘கோவிந்தன’ என்று தேடுங்கள். வெறும் சொல்லைத் தேடப் பெரிய எஃப் விருப்பத்தைச் (-F) சேர்த்தால், கிரெப் அதைத் தேடுவடிவமாகப் பாவிக்காமல் உள்ளபடியே தேடும். சிறிய ஐ விருப்பம் தமிழுக்கு வீண், நமக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இல்லை.

சாட்ஸ்வொர்த் வாசகர்:
எண்ணினேன், 10 வந்தது! மாற்றியபின் கோவிந்தன்கள் அகப்படுகிறார்கள். ஆனால் ‘கௌண்டன்’ இன்னும் முழுதாக வரவில்லை.

எழுத்தாணி:
அது வேறு நோய். பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பிட்டு ளகரத்தைத் தட்டிவிடுகிறார்கள். அது வேறொரு எழுத்தே ஆகையால் என்எஃப்சி அதைத் திருத்தாது. போதாக்குறைக்கு ‘கவுண்டன்’ என்று எழுதுவோரும் உண்டு. மூன்றையும் ஒரே தேடுவடிவத்தில் பிடிக்க, இங்கே மட்டும் பெரிய எஃப்பை விட்டுப் பெரிய ஈ விருப்பத்துடன் (-E) இதைக் கொடுங்கள்: (கவு|கௌ|கெள)ண்டன