பெயிண்ட்டை உரிக்காதீர்கள்: ஒரு பழைய மலைச் சைக்கிளை ஓட வைத்த அனுபவம்

போன வாரம் ஒரு தம்பி படம் போட்டுக் கேட்டிருந்தார்: எண்பதுகளின் கடைசியில் வந்த மவுண்டன் பைக் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, பெயிண்ட்டை முழுவதும் உரித்துவிட்டுப் பவுடர் கோட்டிங் (வண்ணப் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படிய வைக்கும் பூச்சு) கொடுக்கலாமா என்று. வேண்டாம் தம்பி. முதலில் அதை ஓட வையுங்கள். டொராண்டோ ஸ்கார்பரோவில் வீட்டுக் கராஜில் வைத்து நான் ராக்ஹாப்பர் என்ற பழைய மவுண்டன் பைக்கைச் சீர்செய்த கதையைச் சொல்கிறேன். ஏன் தடுக்கிறேன் என்பது விளங்கும்.

என்னுடையது ஸ்பெஷலைஸ்டு என்ற அமெரிக்க நிறுவனத்தின் ராக்ஹாப்பர். சஸ்பென்ஷன் கிடையாது, குரோமோலி எஃகுக் குழாய் ஃபிரேம், 26 அங்குல சக்கரம், கட்டைவிரலால் தள்ளும் கியர். விற்றவருக்கு அது எந்த வருடத்துச் சைக்கிள் என்று தெரியவில்லை. கிராங்கின் (பெடலைத் தாங்கும் கையின்) பின்புறத்தில் அப்பியிருந்த கறுப்பு மசியைத் துணியால் துடைத்தபோது, பொடியாகக் குத்திய இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரிந்தன: 'என்', 'சி'. சைக்கிள் உதிரிகள் செய்யும் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் பழைய உதிரிகளில் முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். 'ஏ' என்பது 1976. அங்கிருந்து எண்ணி வந்தால் 'என்' 1989-இல் நிற்கும்; 'சி' மார்ச். ஆக, கிராங்க் 1989 மார்ச்சில் செய்தது.

கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் மலை இறங்கிப் பந்தயம் விட ஆரம்பித்தது 1976-இல். தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து ஸ்பெஷலைஸ்டு விற்ற ஸ்டம்ப்ஜம்பர் என்ற மவுண்டன் பைக் வந்தது 1981-இல். அதற்கு எட்டே ஆண்டுகள் கழித்துச் செய்த கிராங்க் என் கையில் இருக்கிறது. அந்தக் காலத்து ஸ்டிக்கரும் நிறமும் உரித்தால் போனதுதான். கீறல் விழுந்திருந்தாலும் அவை அசல்.

இனி, உண்மையில் வியர்க்க வைத்த வேலை. சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட் அசையவே இல்லை. எஃகுக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி. இந்த ஊரில் குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். உப்புநீர் இறங்கினால் இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் அலுமினியம் அரித்துப் பொங்கி, சிமெண்ட் பூசியதுபோல் இறுகிவிடும். சுத்தியலை எடுக்காதீர்கள். கிளாம்ப் போல்ட்டைக் கழற்றி மேலிருந்து ஊடுருவும் எண்ணெய் விட்டேன். பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சை (இரண்டு கிராங்குகளையும் இணைத்து ஃபிரேமின் அடியில் சுழலும் அச்சு) கழற்றிய துளை வழியாக உள்ளேயும் விட்டேன். நாள்தோறும் இதையே செய்தேன். கடைசியில் போஸ்ட்டின் தலையை வைஸ் என்ற மேசைப் பிடிகருவியில் இறுக்கிப் பிடித்து, ஃபிரேமையே நெம்புகோலாக்கி மெல்லத் திருப்பினேன். கிறீச்சென்று ஒரு சத்தம், மயிரிழை அசைவு. முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி வெளியே இழுத்தபோது கம்பி முழுவதும் வெள்ளைப் பொடி. காஸ்டிக் சோடா ஊற்றி அலுமினியத்தைக் கரைப்பவர்களும் உண்டு. எரியும் வாயு கிளம்பும், தோலும் கண்ணும் போகும். வேறு வழியே இல்லை என்றால்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

பெடல் அச்சைக் கழற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அச்சை ஃபிரேமில் பிடித்திருக்கும் வலப்பக்கக் கப்பில் (மரை போட்ட வளையத்தில்) மரை தலைகீழ். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் போட்டால் இன்னும் இறுகும்.

சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப்புகளைப் பிரித்தால் உள்ளே கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, அச்சில் இருக்கும் கூம்பு வடிவக் கோனை வெளிச்சத்தில் பிடித்து, பால்ரஸ் ஓடும் தடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் கோன் போய்விட்டது. பால்ரஸ்களைத் துடைத்துத் திரும்பப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. காசு அதிகமில்லை, புதியது போடுங்கள். பெரும்பாலான ஹப்புகளில் பின்சக்கரத்துக்குக் கால் அங்குலக் குண்டுகள் பக்கத்துக்கு ஒன்பது, முன்சக்கரத்துக்கு அதைவிடச் சிறிய குண்டுகள் பக்கத்துக்குப் பத்து. அந்த மரின் பந்தயத்தில் கோஸ்டர் பிரேக்கின் (பெடலைப் பின்னால் மிதித்தால் ஹப்புக்குள் பிடிக்கும் பிரேக்) கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். இறங்கியதும் புதிதாக அடைப்பார்கள். கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

பெயிண்ட் பெயர்ந்த இடங்களில் துருவைச் சுரண்டி, நிறமில்லாத நகப்பூச்சு தடவினேன். மேலே கார் மெழுகு. அவ்வளவுதான். டான் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மண்பாதையில் அது ஓடுகிற அழகைப் பார்த்தால் பவுடர் கோட்டிங் நினைப்பே வராது.

*

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். அண்ணா சொன்னது அத்தனையும் சரி. கியர் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அண்ணாவின் சைக்கிளில் இருப்பது தள்ளுகிற கியர். அது எளிதில் கெடாது. என்னிடம் இருப்பது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது, டக் டக்கென்று அழுத்தும் ரகம். வாங்கியபோது நெம்புகோல் அசைந்தது, கியர் மாறவில்லை. கடைக்காரர் பார்த்துவிட்டு, செத்துவிட்டது, புதியது போடுங்கள் என்றார்.

அது சாகவில்லை. உள்ளே இருக்கும் சிறு கொக்கிகளைப் பழைய கிரீஸ் பசைபோல் ஒட்டிப் பிடித்திருக்கிறது. கேபிளைக் கழற்றி, கேபிள் போகும் துளை வழியாகக் கரைப்பான் ஸ்பிரேயை நன்றாக அடித்து, அழுத்திக்கொண்டே இருந்தேன். முதலில் தேன் நிறத்தில் வடிந்தது, பிறகு தெளிந்தது. திடீரென்று ஒரு 'டக்'. காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய் நாலு சொட்டு விட்டேன். திருகாணியைக் கழற்றி உள்ளே பார்க்கத் தோன்றும், தோன்றினாலும் திறக்காதீர்கள். ஸ்பிரிங் தெறித்தால் திரும்பக் கோர்ப்பது பெரும்பாடு.

*

கோத்தகிரியிலிருந்து. உங்கள் இருவரின் சைக்கிளைப் போன்றதல்ல என்னுடையது. தொண்ணூறுகளில் நம் நாட்டில் செய்து விற்ற மவுண்டன் பைக். அப்பா வாங்கித் தந்தது. கனமான ஃபிரேம், குரோம் பூசிய இரும்பு ரிம். இதற்கெல்லாம் எதற்குச் செலவு என்று வீட்டில் எல்லோருமே கேட்டார்கள். நான் கேட்கவில்லை.

குரோம் ரிம்மில் பூத்த துருவுக்குச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். குரோமில் கீறல் விழாது, கறுப்புச் சேறாகத் துரு வழிந்துவிடும். ரிம்மின் கோட்டம் எடுக்கத் தனி ஸ்டாண்ட் தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து, பிரேக் கட்டையையே அளவாக வைத்துக்கொண்டு, ரிம் எந்தப் பக்கம் உரசுகிறதோ அதற்கு எதிர்ப்பக்க ஸ்போக்கைக் கால் சுற்று இறுக்கினேன். ஒரேயடியாக முறுக்கினால் ரிம் இன்னும் கோணும்.

ஆனால் தம்பிக்கு ஓர் எச்சரிக்கை. இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்காது. இங்கே மழையும் உண்டு, இறக்கமும் உண்டு. எல்லாவற்றையும் அசலாக வைத்துக்கொண்ட நான் ரிம்மை மட்டும் மாற்றினேன். அலுமினிய ரிம், அதோடு பிரேக்குக்குப் புதிய கேபிள், புதிய ரப்பர். பழைய ரிம்களைப் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறேன். 26 அங்குல டயர் கடையில் கண்ணில் பட்டால் இப்போதே ஒரு ஜோடி வாங்கி வையுங்கள். புதிய சைக்கிள்கள் 27.5, 29 அங்குலத்துக்குப் போய்விட்டதால் நல்ல டயர் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது.